பிக் பெண்ட் பாலைவனப் பூங்கா: மலையில் தங்குவதா, ஆற்றங்கரையிலா, சுரங்க ஊரிலா?

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கோ மார்ச் மாதப் பள்ளி விடுமுறைக்கோ பிக் பெண்ட் தேசியப் பூங்காவுக்குப் போக நினைக்கும்போது, போகலாமா வேண்டாமா என்ற கேள்வி எளிதில் தீர்ந்துவிடுகிறது. எங்கே தங்குவது என்பதில்தான் பேச்சு வாரக்கணக்கில் இழுபட்டு, அதற்குள் அறைகள் எல்லாம் நிரம்பிவிடுகின்றன. பூங்காவின் நடுவிலுள்ள சீசோஸ் மலைப் பள்ளத்தாக்கு, கிழக்கு ஓரத்தில் ஆற்றை ஒட்டிய ரியோ கிராண்டே வில்லேஜ், மேற்கு வாயிலுக்கு வெளியேயுள்ள பழைய சுரங்க ஊரான டெர்லிங்குவா ஆகிய மூன்றும் வரைபடத்தில் அருகருகே தெரிவதால், எதை எடுத்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். உண்மையில், பிக் பெண்டில் தங்குமிடத்தை முடிவு செய்யும்போதே, எந்தப் பாதைகளில் நடப்போம், எந்த வெப்பத்தில் நடப்போம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் காரில் உட்கார்ந்திருப்போம் என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிடுகிறோம்.

## நில அமைப்பைப் பற்றிச் சில சொற்கள்

டெக்சஸ் மாநிலத்தின் தென்மேற்கில், சிவாவா பாலைவனத்துக்குள் அமைந்த இப்பூங்கா 1944 ஜூன் மாதம் நிறுவப்பட்டது. பரப்பு 8 லட்சம் ஏக்கருக்குச் சற்று அதிகம். அதன் தெற்கு எல்லை முழுவதும், ஏறத்தாழ 118 மைல் நீளத்துக்கு, ரியோ கிராண்டே ஆறே அமெரிக்காவுக்கும் மெக்சிக்கோவுக்கும் இடையிலான எல்லையாக ஓடுகிறது. ஆற்றங்கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 அடி உயரத்தில் இருக்க, பூங்காவின் உச்சியான எமரி சிகரம் 7,832 அடி உயர்ந்து நிற்கிறது. ஆறாயிரம் அடி வேறுபாட்டை ஒரே பூங்கா தாங்கி நிற்பதால், கீழே கள்ளியும் கிரியோசோட் புதருமாகக் காய்ந்து கிடக்கும் நிலம், மேலே ஓக், பைன், ஜூனிப்பர் மரங்களடர்ந்த காடாக மாறிவிடுகிறது. மலைப் பள்ளத்தாக்குக்கும் ஆற்றங்கரைக்கும் ஒரே நேரத்தில் 20 பாரன்ஹீட் டிகிரி வரை வெப்ப வேறுபாடு இருக்கக்கூடும் என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே சொல்லப்படும் பலவும் தாமாகவே விளங்கும்.

தொலைவும் அப்படித்தான். ஹூஸ்டனிலிருந்து ஒன்பது, பத்து மணி நேரம் ஓட்டி வந்து வடக்கு வாயிலுக்கு முந்தைய சிற்றூரான மாரத்தனை அடைந்த பிறகும், பூங்காவின் தலைமையகமான பேந்தர் ஜங்ஷனுக்கு இன்னும் 70 மைல் இருக்கிறது. உள்ளே வேக வரம்பு மணிக்கு 45 மைல். விமானத்தில் வருவதானால் மிட்லாண்டில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் காரில் நான்கு மணி நேரம் ஓட்ட வேண்டும். அருகிலுள்ள மருத்துவமனை ஆல்பைன் நகரில், பேந்தர் ஜங்ஷனிலிருந்து ஏறத்தாழ நூறு மைல் தொலைவில் இருக்கிறது.

## எவற்றை வைத்து எடை போடுவது

அறை வாடகையை முதல் அளவுகோலாக வைத்துக்கொள்வது இங்கே பயன்படாது. இரண்டு அறைகளுக்கிடையே நாற்பது டாலர் வேறுபாடு இருந்தாலும், அது மூன்று நாளில் வீணாகும் எரிபொருளுக்கும் நேரத்துக்கும் ஈடாகாது. என் பார்வையில் முதலிடம் பெற வேண்டியது நீங்கள் போகும் மாதம். அடுத்தது, எந்த நடைபாதைகளுக்காகப் போகிறீர்கள் என்பது. மூன்றாவது, முதியவர்களும் சிறு குழந்தைகளும் உடன் வருகிறார்களா என்பது. அப்படி வந்தால் அடுப்பு, கழிவறை, நிழல் மூன்றும் வசதி என்ற நிலையிலிருந்து தேவை என்ற நிலைக்கு வந்துவிடுகின்றன. முன்பதிவு எவ்வளவு காலத்துக்கு முன் செய்ய முடிகிறது என்பது நான்காவது. குடியுரிமை பெறாதவர்களுக்குக் கையிலுள்ள ஆவணங்களும் ஓர் அளவுகோல்தான். அதைத் தனியே சொல்கிறேன்.

| அளவுகோல் | சீசோஸ் பள்ளத்தாக்கு | ரியோ கிராண்டே வில்லேஜ் | டெர்லிங்குவா |
|---|---|---|---|
| உயரம் | சுமார் 5,400 அடி | சுமார் 1,850 அடி | சுமார் 2,900 அடி |
| தங்கும் வகை | விடுதி அறைகள், குடில்கள், 60 கூடாரத் தளங்கள் | 100 கூடாரத் தளங்கள், மின் இணைப்புடன் 25 ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) இடங்கள் | வாடகை வீடுகள், சிறு விடுதிகள், கூடாரங்கள் |
| லாஸ்ட் மைன் பாதைக்கு | சில நிமிடங்கள் | முக்கால் மணி நேரம் | ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு |
| சாண்டா எலேனா ஆழ்பள்ளத்துக்கு | ஒன்றேகால் மணி நேரம் | ஒன்றே முக்கால் மணி நேரம் | ஒன்றேகால் மணி நேரம் |
| வெந்நீர் ஊற்று, பொக்கீயாஸ் பகுதிக்கு | ஒரு மணி நேரம் | பத்து, பதினைந்து நிமிடங்கள் | ஒன்றேகால் மணி நேரம் |
| ஏற்ற காலம் | ஆண்டு முழுவதும். குளிர்கால இரவுகளில் உறைகுளிர் | நவம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை | அக்டோபர் முதல் ஏப்ரல் வரை |
| சமையல் | கூடாரத் தளத்தில் மட்டும் | கூடாரத் தளத்தில் | பல வீடுகளில் முழுச் சமையலறை |
| மறைந்த செலவு | நெடுநாள் முன்பதிவு, தண்ணீர்த் தட்டுப்பாடு | வெப்பம், மேற்குப் பகுதியின் தொலைவு | தினமும் இருமுறை நீண்ட பயணம் |

அட்டவணையில் பலரும் எதிர்பாராதது ஒன்று உண்டு. பூங்காவின் மேற்கு முனையிலுள்ள ஆற்று ஆழ்பள்ளமான சாண்டா எலேனாவுக்கு அருகில் இருப்போம் என்று நம்பியே பெரும்பாலோர் டெர்லிங்குவாவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் அது பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் டெர்லிங்குவாவுக்குத் தென்மேற்கே ஆற்றங்கரைச் சிற்றூரான லாஹீட்டாஸிலிருந்து ஆற்றோரமாகப் பூங்காவுக்குள் நுழையச் சாலை கிடையாது. தார்ச் சாலையில் போவதானால் மேற்கு வாயில் வழியாக உள்ளே வந்து, ராஸ் மாக்ஸ்வெல் சாலையில் 30 மைல் கீழிறங்க வேண்டும். அந்தக் கணக்கில் மலையில் தங்கியவரும் டெர்லிங்குவாவில் தங்கியவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்வார்கள். பழைய மாவரிக் சாலை என்னும் 14 மைல் மண் பாதை குறுக்கு வழிதான். ஆனால் மழைக்குப் பிறகும், தாழ்ந்த அடிப்பகுதியுடைய கார்களுக்கும் அது உகந்ததல்ல. வாடகைக் கார் ஒப்பந்தங்கள் பலவற்றில் மண் சாலை விலக்கப்பட்டிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

## சீசோஸ் பள்ளத்தாக்கு

ஒரு மலைத்தொடர் முழுவதும் ஒரே தேசியப் பூங்காவின் எல்லைக்குள் அடங்கியிருப்பது அமெரிக்காவில் சீசோஸுக்கு மட்டுமே உரிய சிறப்பு. அதன் நடுவிலுள்ள கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கில்தான் விடுதியும் கூடாரத் தளமும் ஒரு சிறு கடையும் இருக்கின்றன. பெருமந்தக் காலத்தில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்டு அரசு நடத்திய சிசிசி படையினர் பெரும்பாலும் கை உழைப்பால் போட்ட ஏழு மைல் மலைச்சாலை இங்கே ஏறி வருகிறது. வளைவுகள் கூர்மையானவை, 24 அடிக்கு மேற்பட்ட ஆர்.வி. வண்டிகளையும் 20 அடிக்கு மேற்பட்ட இழுவைகளையும் கொண்டுவர வேண்டாம் என்பது பூங்காவின் அறிவுரை.

நடைதான் நோக்கம் என்றால் இவ்விடத்துக்கு ஈடு கிடையாது. போக வர 4.8 மைல் நீளமும் 1,100 அடி ஏற்றமும் கொண்ட லாஸ்ட் மைன் பாதை, பத்து வயதுப் பிள்ளையும் நடக்கக்கூடியது; ஆனால் அதன் வண்டி நிறுத்தம் மிகச் சிறியதாகையால், விடுமுறை நாட்களில் பொழுது நன்றாக விடிவதற்குள் நிரம்பிவிடும். மலையில் தங்கியிருப்பவர் ஆறரை மணிக்கு எழுந்து அங்கே நின்றுவிடலாம். டெர்லிங்குவாவிலிருந்து வருபவர் அதே இடத்துக்காக இருட்டில், சாலையைக் கடக்கும் மான்களுக்கும் ஹவீலினா என்னும் பன்றி போன்ற விலங்குக் கூட்டங்களுக்கும் நடுவே ஓட்டிவர வேண்டும். 5.6 மைல் விண்டோ பாதை இதற்கு நேர்மாறானது: போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். பள்ளத்தாக்கில் விழும் மழைநீர் அனைத்தும் வழிந்தோடும் ஒரே வாய் அது. கடைசியில் பாறை வழுவழுப்பாகத் தேய்ந்து, கைப்பிடி ஏதுமின்றி, அதல பாதாளத்தில் முடிகிறது. சிறுவர்களை அந்த விளிம்பிலிருந்து இருபதடி தள்ளியே உட்கார வைக்க வேண்டும். எமரி சிகரம் போக வர 10.5 மைல், தென்விளிம்பைச் சுற்றிவரும் பாதை நீங்கள் எடுக்கும் கிளையைப் பொறுத்து 12 முதல் 14.5 மைல். இவை இரண்டுக்கும் முழு நாள் வேண்டும். வழியில் நம்பத்தக்க குடிநீர் கிடையாது.

கோடையில் போகிறீர்கள் என்றால் இத்துடன் கட்டுரையை நிறுத்திவிடலாம்: மே முதல் செப்டம்பர் வரை மலையைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். 2023 ஜூன் மாதத்தில் ஆற்றுக்கு அருகிலுள்ள மாரூஃபோ வேகா பாதையில், 119 பாரன்ஹீட் வெயிலில் 14 வயதுச் சிறுவன் ஒருவன் மயங்கி விழுந்து இறந்தான். உதவி தேடிக் காருக்கு ஓடிய அவனுடைய வளர்ப்புத் தந்தையும் விபத்தில் உயிரிழந்தார். 14 மைல் நீளமுள்ள அந்தப் பாதையில் நிழலோ நீரோ இல்லை.

மலையின் குறைகளும் சிறியவை அல்ல. கூடாரத் தளங்களை அரசின் ரிக்ரியேஷன்.கவ் தளத்தில் ஆறு மாதம் முன்னதாகவே பதிவு செய்யலாம். மார்ச் மாதத் தேதிகள் திறந்த உடனேயே போய்விடுகின்றன. 2021ஆம் ஆண்டில் மட்டும் 5 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் பூங்காவுக்கு வந்தார்கள் என்பதை நினைத்தால், மலையிலுள்ள 60 தளங்களின் நெருக்கடி புரியும். பள்ளத்தாக்குக்கு வேண்டிய தண்ணீர் முழுவதும் கீழேயுள்ள ஓக் ஊற்றிலிருந்து மேலே ஏற்றப்படுவதால், வறண்ட ஆண்டுகளில் கட்டுப்பாடுகள் வரும். குடிநீரை வரும் வழியிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. 1980களில் மெக்சிக்கோ மலைகளிலிருந்து தாமாகவே திரும்பி வந்து குடியேறிய கருங்கரடிகள் இங்கே உலவுவதால், தின்பண்டம், பற்பசை, ஊறுகாய்ப் பாட்டில் எதுவாயினும் இரும்புப் பெட்டியில் பூட்டியே வைக்க வேண்டும். நட்சத்திரம் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு சிறு ஏமாற்றம் உண்டு: சுற்றிலும் சிகரங்கள் எழுந்து நிற்பதால் வானம் ஒரு வட்டத்துக்குள் சுருங்கிவிடுகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, பழைய விடுதியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம். பணி நடக்கும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக் காலம் பள்ளத்தாக்கு மூடப்பட்டிருக்கும் என்று பூங்கா நிர்வாகம் அறிவித்தது. தொடக்கத் தேதி ஒரு முறைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. ஆகவே, விமானச் சீட்டு எடுக்கும் முன்பே பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் நடப்பு நிலவரப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். மூடியிருந்தால், உங்கள் தேர்வு மற்ற இரண்டுக்குள்தான்.

## ரியோ கிராண்டே வில்லேஜ்

கூடாரத்தில் தங்கப் பழகியவர்களுக்கு, டிசம்பர், ஜனவரி மாதங்களில், இதுவே மூன்றிலும் மேலானது என்பது என் கருத்து. மலையில் இரவு உறைநிலையைத் தொடும் வாரத்தில்கூட இங்கே பகல் வெயில் இதமாக இருக்கும். காட்டன்வுட் மரங்களின் நிழலில் நூறு தளங்கள். பக்கத்திலேயே கடை, பெட்ரோல், காசு போட்டுக் குளிக்கும் அறை, துணி துவைக்கும் இயந்திரம். ஆர்.வி. வண்டியை வாடகைக்கு எடுத்து வருபவர்களுக்கு, பூங்காவுக்குள் மின்சாரமும் தண்ணீரும் கழிவுநீர் இணைப்பும் சேர்ந்து கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். முதியவர்களுக்கும் இங்கே காண்பதற்கு நிறைய உண்டு: கூடாரத் தளத்தின் பின்னாலேயே ஈரநிலத்தின்மீது போட்ட மரப்பாலத்தில் தொடங்கும் சிறு பாதை ஒரு குன்றின்மேல் ஏறி, ஆற்றையும், மாலை வெயிலில் இளஞ்சிவப்பாக ஒளிரும் மெக்சிக்கோவின் டெல் கார்மென் மலைச்சுவரையும் காட்டுகிறது. 450க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான பூங்காவில், பறவை பார்ப்போர் முதலில் வருவது இங்கேதான்.

நான் இவ்விடத்துக்குக் கூடுதல் மதிப்பெண் கொடுப்பது வெந்நீர் ஊற்றுக்காக. 1909இல் ஜே. ஓ. லாங்ஃபோர்ட் என்பவர் குடியேறி, நோயாளிகளுக்கான நீராடும் இடமாக நடத்திவந்த குளியல் கட்டடத்தின் அடித்தளம் மட்டும் எஞ்சி, ஒரு சதுரத் தொட்டியாக ஆற்றோரத்தில் நிற்கிறது. நீர் ஏறத்தாழ 105 பாரன்ஹீட். தொட்டியின் தாழ்ந்த சுவரில் முதுகு சாய்த்து உட்கார்ந்து கையைப் பின்னால் நீட்டினால், விரல் நுனியில் ரியோ கிராண்டேயின் குளிர்ந்த நீர் ஓடுகிறது, எதிர்க்கரை மெக்சிக்கோ. காலை ஏழு மணிக்குப் போனால் நீங்கள் மட்டும் இருப்பீர்கள். பதினொரு மணிக்குப் போனால் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். அந்த ஏழு மணி வாய்ப்பு, பக்கத்தில் தங்கியவருக்கே எளிதில் கிடைக்கிறது. ஆறு பெருகியிருக்கும் நாட்களில் தொட்டி நீருக்குள் மூழ்கிவிடும்.

எதிர்க்கரைச் சிற்றூரான பொக்கீயாஸுக்குப் படகில் போய்வருவது இன்னொரு கவர்ச்சி. 2002இல் மூடப்பட்ட இந்த எல்லைக் கடவு 2013இல்தான் மீண்டும் திறந்தது. எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. துடுப்புப் படகில் ஆற்றைக் கடந்து, கழுதைமீதோ நடந்தோ ஊருக்குள் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம். திரும்பும்போது இக்கரையிலுள்ள சிறு நிலையத்தில் பாஸ்போர்ட்டை இயந்திரத்தில் காட்டி, தொலைவிலுள்ள எல்லை அதிகாரியிடம் தொலைபேசியில் பேச வேண்டும். பாதையோரக் கல்லின்மீது அக்கரைக்காரர்கள் வைத்துவிட்டுப் போகும் கம்பித் தேள்களையும் பூ வேலைப்பாடுகளையும் இக்கரையிலேயே வாங்குவது சட்டவிரோதம்; அவற்றை அக்கரைக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

குறை என்று பார்த்தால், மார்ச் பாதிக்கு மேல் பகல் வெப்பம் விரைவாக ஏறுகிறது. மே மாதத்தில் கூடாரத்துக்குள் மதியம் இருக்கவே முடியாது. நடைபாதைகள் குறுகியவை: பொக்கீயாஸ் ஆழ்பள்ளப் பாதை போக வர 1.4 மைல்தான். நீண்ட நடைக்கு மலையேறிப் போகத்தான் வேண்டும். மேற்கு முனையிலுள்ள சாண்டா எலேனாவுக்கு இங்கிருந்து 60 மைலுக்கு மேல். அதற்கு ஒரு நாள் முழுவதும் போய்விடும். பூங்காவுக்குள் விறகு எரிக்கவும் அனுமதி இல்லாததால், தீ மூட்டிச் சுற்றி உட்காரும் எண்ணத்தோடு பிள்ளைகளை அழைத்துவர வேண்டாம். எரிவாயு அடுப்பும் கரியடுப்பும் மட்டுமே செல்லும்.

## டெர்லிங்குவா, ஸ்டூடி பியூட்

பாதரசச் சுரங்கத்தால் எழுந்து, சுரங்கத்தோடு விழுந்த ஊர் இது. ஹோவர்ட் பெர்ரியின் சீசோஸ் மைனிங் கம்பெனி 1903 முதல் இங்கே பாதரசம் எடுத்தது, 1942இல் திவாலானது. தொழிலாளர்கள் விட்டுப்போன கூரையற்ற கல் வீடுகளும், மரச் சிலுவைகள் சாய்ந்து நிற்கும் கல்லறைத் தோட்டமும் அப்படியே இருக்க, அவற்றுக்கு நடுவே இன்று வாடகை வீடுகளும், கண்ணாடிக் கூரைக் குமிழிகளும், பழைய நாடகக் கொட்டகையில் நடக்கும் உணவகமும் முளைத்திருக்கின்றன.

குடும்பத்தோடு, குறிப்பாக ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரோடு போகிறவர்கள் இறுதியில் இங்கேதான் வந்து சேர்கிறார்கள்; அதில் தவறில்லை. முழுச் சமையலறையுள்ள வீடு கிடைத்தால், காலையில் இட்லி ஊற்றிவிட்டு, புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு புறப்படலாம். சைவ உணவுக்காரர்களுக்கு இது பெரிய விஷயம். பூங்காவின் சுற்றுவட்டாரத்தில் சைவருக்கு விடுதிகளில் கிடைப்பது பெரும்பாலும் பீன்ஸ், சீஸ், ரொட்டி வகையறாதான். டெர்லிங்குவாவை ஒட்டிய ஸ்டூடி பியூட்டில் சிறு மளிகைக் கடையும் பெட்ரோல் நிலையமும் உண்டு; காய்கறியும் பாலும் ஆல்பைனிலேயோ ஃபோர்ட் ஸ்டாக்டனிலேயோ வாங்கி வருவது நல்லது.

வானம் இங்கே மலையைவிட விரிந்தது. பிக் பெண்டுக்கு 2012இல் இருள்வானப் பூங்கா என்ற பன்னாட்டு அங்கீகாரம் கிடைத்தது. 2022இல் எல்லையின் இருபுறத்தையும் சேர்த்து 15,000 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பு, உலகின் மிகப் பெரிய இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. நிலவில்லா நாளில் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் படுத்தாலே பால்வெளியைப் பார்க்கலாம். அமாவாசையை ஒட்டிப் பயணத்தை அமைத்துக்கொள்ள நமக்கு நாட்காட்டியும் இருக்கிறது.

செலவுகள் விளம்பரத்தில் தெரிவதில்லை. மலைப்பாதைக்கு ஏறத்தாழ 35 மைல், கிழக்கு ஆற்றங்கரைக்கு 50 மைல். திரும்பும் தொலைவையும் சேர்த்தால் தினமும் இரண்டரை மணி நேரம் வரை சாலையில் போகிறது. சிறு குழந்தைகளுக்கு மதியம் தூக்கம் வந்தால் அறைக்குத் திரும்பிவிட்டு மாலையில் மறுபடியும் போகலாம் என்ற எண்ணம் இங்கே செல்லாது. சூரிய அஸ்தமனத்தைப் பூங்காவுக்குள் பார்த்தால், திரும்புவது விலங்குகள் நடமாடும் இருட்டுச் சாலையில். வீடுகள் பலவற்றில் குழாய்நீர் இணைப்பு இல்லை. கூரையில் விழும் மழைநீரையோ லாரியில் கொண்டுவந்த நீரையோ தொட்டியில் தேக்கியே பயன்படுத்துகிறார்கள். எனவே குளியல் சுருக்கமாக இருக்க வேண்டும். மலிவான இடங்களில் கழிவறையும் தண்ணீரில்லா மக்கும் வகையாக, வீட்டுக்கு வெளியே இருக்கக்கூடும். வயதானவர்கள் வருகிறார்கள் என்றால் பதிவு செய்யும் முன்பே இந்த ஒரு கேள்வியை வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள். குளிரூட்டி இருக்கிறதா என்பதும் அப்படித்தான். நவம்பர் முதல் சனிக்கிழமையை ஒட்டி, 1967 முதல் நடந்துவரும் சில்லி (காரமான இறைச்சிக் குழம்பு) சமையல் போட்டிக்காக ஆயிரக்கணக்கானோர் குவியும் வாரத்தில் இங்கே அறை தேடுவதே வீண்.

## நான்காவது, ஐந்தாவது வழிகள்

மண் சாலைகளின் ஓரமாக, நீரோ கழிவறையோ நிழலோ இல்லாத தனித்த கூடார இடங்கள் பூங்கா முழுவதும் உண்டு. அனுமதிச் சீட்டு வேண்டும், உயரமான வண்டி வேண்டும். பாலைவனத்தில் முன்பே தங்கிப் பழகிய இரண்டு மூன்று நண்பர்களுக்கு இதைவிடச் சிறந்தது இல்லை. முதல்முறை வரும் குடும்பத்துக்கு இது வேண்டாம். சாண்டா எலேனாவுக்கு உண்மையிலேயே அருகில் தங்க விரும்பினால், காஸ்டொலன் என்ற இடத்தின் பக்கத்திலுள்ள காட்டன்வுட் கூடாரத் தளம்தான் விடை. 24 தளங்கள் மட்டுமே; ஜெனரேட்டர் சத்தம் கிடையாது.

மாரத்தனிலோ ஆல்பைனிலோ தங்கி தினமும் போய்வரலாமே என்று கேட்பவர்களுக்கு: மாரத்தனிலிருந்து பேந்தர் ஜங்ஷன் வரை போய்த் திரும்புவதற்கே ஒரு நாளில் 140 மைல் ஆகிறது. வந்து சேரும் இரவுக்கு மட்டும் அவை பொருந்தும்.

## ஆவணங்கள்

பூங்காவிலிருந்து வடக்கே திரும்பும் இரு நெடுஞ்சாலைகளிலும், ஆல்பைனுக்குத் தெற்கிலும் மாரத்தனுக்குத் தெற்கிலும், எல்லைக் காவல் துறையின் சோதனைச் சாவடிகள் உள்ளன. எல்லையைக் கடக்காதவர்களையும் நிறுத்திக் குடியுரிமை கேட்பார்கள். எச்-1பி, எல்-1, எஃப்-1 விசாவில் இருப்பவர்களும் அவர்களைச் சார்ந்தவர்களும், பார்வையாளராக வந்த பெற்றோரும் பாஸ்போர்ட்டையும் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவான ஐ-94 படிவத்தையும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் அந்த அட்டையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். கைபேசியிலுள்ள படத்தை நம்ப வேண்டாம். பூங்காவின் பெரும்பகுதியில் இணையத் தொடர்பு இல்லை.

பொக்கீயாஸ் கடவு தனி. செல்லத்தக்க அமெரிக்க விசா முத்திரையோ கிரீன் கார்டோ இருந்தால் மெக்சிக்கோ தனியே விசா கேட்பதில்லை. விசா நீட்டிப்பு அனுமதி மட்டும் வந்து, பாஸ்போர்ட்டிலுள்ள முத்திரை காலாவதியாகியிருப்பவர்கள் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அந்தப் படகில் ஏறக் கூடாது. ஒரு தட்டு டாக்கோவுக்காக எடுக்கக்கூடிய இடர் அல்ல அது. இக்காரணத்தாலேயே பொக்கீயாஸை மையமாக வைத்து ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த முடிவை மறுபடி எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

## யாருக்கு எது

நடை தெரிந்த இருவர், மூன்று இரவுகள், எந்த மாதமானாலும்: பள்ளத்தாக்கு திறந்திருந்தால் மலையைத் தவிர வேறில்லை. சாண்டா எலேனாவை ஒரு பிற்பகலில் முடித்துவிடலாம். போக வர ஏறத்தாழ 1.7 மைல்தான். 1,500 அடி உயரச் சுவர்கள் இருபுறமும் நெருங்கும் அந்த இடுக்கில் ஆறு வரும் திசையை நோக்கி நின்றால் இடப்பக்கச் சுவர் மெக்சிக்கோ, வலப்பக்கம் டெக்சஸ். தொடக்கத்திலேயே டெர்லிங்குவா ஓடையைக் கடக்க வேண்டும்; மழைக்குப் பின் சேறு முழங்கால் வரை இழுக்கும் என்பதால் மாற்றுச் செருப்பு அவசியம்.

டிசம்பர் கடைசி வாரம், இரண்டு மூன்று குடும்பங்கள், கூடாரங்கள், பெரிய அடுப்பு: ரியோ கிராண்டே வில்லேஜ். பிள்ளைகள் ஓடியாட இடமும் பெரியவர்களுக்கு வெயிலும் அங்கேதான் கிடைக்கும். மலையில் அதே வாரம் கூடாரம் போட்டால், விடியற்காலையில் தண்ணீர்க் குடம் உறைந்து கிடக்கக் காண்பீர்கள்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட பெற்றோரும் கைக்குழந்தையும் கூட வருகிறார்கள் என்றால் டெர்லிங்குவா வீடு. ஆனால் மூன்று நாட்களில் பூங்காவின் மூன்று மூலைகளையும் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு, ராஸ் மாக்ஸ்வெல் சாலைக்கு ஒரு நாள், மலைக்கு ஒரு நாள் என்று அமைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் காரை விட்டு இறங்காமலேயே காணத்தக்கவை பல இருக்கின்றன. பேந்தர் ஜங்ஷனுக்கு வடக்கே எட்டு மைல் அளவில் உள்ள புதைபடிவக் காட்சிக்கூடத்துக்கும் நடை அதிகம் வேண்டாம். 1971இல் இந்தப் பூங்காவில் கண்டெடுக்கப்பட்ட கேட்ஸால்கோயாட்லஸ் என்னும் மாபெரும் பறக்கும் ஊர்வனத்தின் எலும்புக்கூட்டு மாதிரி அங்கே தலைக்கு மேல் தொங்குகிறது.

நான்கு இரவுகள் கிடைத்தால், ஒரே இடத்தில் தங்குவதைவிடப் பிரித்துக்கொள்வதே என் தேர்வு: முதல் இரண்டு ஆற்றங்கரையில், பின்னிரண்டு மலையில். கூடாரத்தைக் கழற்றி மறுபடி கட்டும் ஒரு மணி நேரம், வீணாகும் நான்கைந்து மணி நேரச் சாலைப் பயணத்தைத் தவிர்த்துவிடும். மலையில் இடம் கிடைக்காவிட்டால், பின்னிரண்டு இரவுகளை டெர்லிங்குவாவில் வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்புவோர் ஆல்பைன் வழியாகப் போக அதுவும் வசதியே.

பதிவு செய்யும் வரிசை: ஆறு மாதம் முன்பு மலை, அன்றே ஆற்றங்கரை, இரண்டும் கிடைக்காவிட்டால் பணம் திரும்பக் கிடைக்கும் நிபந்தனையுள்ள டெர்லிங்குவா வீடு. பிறகு ஒவ்வொரு வாரமும் ரிக்ரியேஷன்.கவ் தளத்தைப் பார்த்துக்கொண்டிருங்கள். பயணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிலர் தங்கள் தளங்களை ரத்து செய்வார்கள். எங்கே தங்கினாலும் நபருக்கு நாளொன்றுக்கு ஒரு கேலன் தண்ணீர் என்று கணக்கிட்டு வண்டியில் வைத்துக்கொண்டு, மாரத்தனிலோ ஆல்பைனிலோ பெட்ரோல் தொட்டியை முழுதாக நிரப்பிய பிறகே தெற்கே திரும்புங்கள்.